கை நனைக்கும் முன் ஓர் ஆட்டம்

அத்தியாயம் 14

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவளுக்குப் பயம் வருவது வழக்கம்தான். ஆனால் உஷாராணியின் பயத்துக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. சித்தார்த்தைப் பற்றி விசாரிக்க வேண்டியதையெல்லாம் ஓசூரில் அவன் தெருவில் இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் விசாரித்தாகிவிட்டது.

பயம் அவள் கைப்பைக்குள் இருந்தது. கைப்பைக்குள் இருந்த போனுக்குள் இருந்தது. போனுக்குள், 'தீவு' என்கிற விளையாட்டில், அவள் பேருக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்த வைரக்கல்லில் இருந்தது.

அந்தக் கல் இரவல்.

கனிஷ்கா பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில் தாயும் மகளும் பேசிய பேச்சு மூன்று வாக்கியத்தைத் தாண்டியதில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெச்சிடறேன். அப்படி இருந்தவள் ஒருநாள், "அம்மா, நீயும் தீவுக்கு வா. தெனமும் எட்டு மணிக்கு ஒரு ஆட்டம்" என்றாள். திருச்செங்கோட்டில் கட்பீஸ் கடை வைத்திருக்கிற அம்மா, கடையைச் சாத்திவிட்டுத் துப்பாக்கி எடுத்தாள்.

விளையாட்டு பெரிய சூத்திரமில்லை. ஒரு கூட்டத்தைப் பாராசூட்டில் தீவில் இறக்கிவிடுவார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்கிற அணி ஜெயித்தது. ஆனால் சுவருக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மகள் வாய் திறந்தாள். மேனேஜர் திட்டியது, ஹாஸ்டல் சப்பாத்தி, எல்லாம் வந்தது. சித்தார்த் என்றொருவன் இருப்பதையும் அப்படி ஒரு சுவருக்குப் பின்னால்தான் சொன்னாள். எதிரி மாடியில் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா மூச்சுவிடாமல், "என்ன கூட்டம் கண்ணு?" என்று கேட்டாள். நம்ம பக்கம்தான், குலம் மட்டும் வேறு என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். சுட்டுவிட்டார்கள்.

ஆட்டத்தில் உஷாராணி மோசமில்லை, பிரமாதமும் இல்லை. நடுத்தரம். முதல் வாரம் அவளுக்கு அது தெரியவில்லை. கடைக்கு முதல் தடவை வருகிறவருக்கு ஃபேனைத் திருப்பி வைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, கேட்ட விலைக்குத் துணியைக் கிழிக்கிற வித்தை வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீவுக்காரனும் அதையேதான் செய்தான். அந்த வாரம் எதிரியாக வந்தவர்கள் பாதிக்கு மேல் ஆளில்லாமல் விளையாட்டே ஆட்டுகிற பொம்மைகள். நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தான் பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டியவள் என்று உஷாராணி நம்பிவிட்டாள். அடுத்த வாரம் பொம்மைகளை எடுத்துக்கொண்டு நிஜமான பையன்களை விட்டான். அதற்கப்புறம் இறங்கு, ஓடு, சாவு. மிச்ச நேரமெல்லாம் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதையும் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். மகளின் முதுகாவது தெரிந்ததே.

பிறகு ரேங்க் வந்து குறுக்கே விழுந்தது. கனிஷ்கா கோல்டு தாண்டி டைமண்ட் ஆனாள், அம்மா சில்வரிலேயே நின்றாள். சில்வரில் இருப்பவர் டைமண்டோடு ஒரே அணியில் சேர முடியாது என்பது தீவின் சட்டம். "நீ கொஞ்சம் ஏத்திட்டு வாம்மா" என்றாள் மகள், கொஞ்சம் உடம்பைக் குறைச்சுக்கோ என்கிற மாதிரி. உஷாராணி ஏற்றிப் பார்த்தாள். ஏறவில்லை. கடைசியில் சேலத்தில் காலேஜ் படிக்கிற அண்ணன் மகள் இனியாவிடம் போனைக் கொடுத்தாள். இனியா ஒரே வாரத்தில் அத்தையை டைமண்ட் ஆக்கித் திருப்பித் தந்தாள்.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் செய்கிற தப்பு அது. சரக்கு சரியில்லையென்றால் போர்டை மாற்றிப் பார்ப்பது.

டைமண்டில் இருந்தவர்கள் உஷாராணியைப் பார்த்தவுடனே சுட்டார்கள். பார்ப்பதற்கு முன்னாலும் சுட்டார்கள். "என்னம்மா ஆச்சு?" என்று மகள் கேட்டால், "நெட்டு சரியில்ல கண்ணு" என்பாள். அவள் டைமண்ட் ஆனதிலிருந்து அந்த வீட்டில் நெட் சரியாகவே இல்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் பெருமையில் சித்தார்த்திடம் சொன்னாள். சித்தார்த் அவன் அம்மாவிடம் சொன்னான். அவன் அம்மா சௌந்திரமும் தீவில் ஆடுகிறவர். அவரிடமிருந்து நேற்றுச் செய்தி வந்துவிட்டது: "ஊடு பாக்க வர்றப்ப சம்பந்தியும் நானும் ஒட்டுக்கா ஒரு ஆட்டம் போடறோமுங்க. அப்பறம்தான் எலை."

இனியாவுக்கோ இன்று பரீட்சை.

"கெளம்பலாமா?" என்றார் நாச்சிமுத்து, கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு.

---

பின்சீட்டில் நாச்சிமுத்துவின் அக்கா அத்தாயி தேங்காய்ப் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற சொந்தபந்தம் பின்னால் இரண்டு கார்களில் வந்தது. பெண் வரவில்லை. வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கமில்லை. மாப்பிள்ளையும் ஓசூரில் வேலையில் இருந்தான்.

நாச்சிமுத்து ஏறியதும் முதல் வேலையாகப் போனைக் கார் சார்ஜரில் சொருகினார்.

"காலையிலதானுங்க சார்ஜ் போட்டீங்க?"

"நாலு மாநிலத்துல ரிக் ஓடுது புள்ள. ஆளாளுக்குக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா நிக்குமா?"

அவருக்குப் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் இருந்தன. பூமிக்குள் எத்தனை அடியில் தண்ணீர் என்று கல்லின் தூசியைப் பார்த்துச் சொல்வார். தீவைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரே கருத்து. கழுத்துல தாலி, கையில துப்பாக்கி, நல்லாருக்குது குடும்பம்.

வண்டி ஊரைத் தாண்டியதும் உஷாராணி மெல்ல ஆரம்பித்தாள். "ஏனுங்க, அந்தம்மா ஆடோணும்னு நிப்பாங்களா?"

"ஆடேன்."

"தலை வலிக்குதுன்னு சொல்லட்டுங்களா?"

"ஊடு பாக்கப் போற எடத்துல தலை வலிக்குதா?" என்றார் அத்தாயி பின்னாலிருந்து. "ஆகாது அம்முணி. வேற ஏதாச்சும் வலிக்கட்டும்."

அத்தாயி சகுனத்துக்குப் பேர்போனவர். வண்டி கிளம்பும்போது எதிரே பால்காரர் வந்ததில் அவருக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த திருப்தி.

உஷாராணி போனை எடுத்துப் பார்த்தாள். பகல் நேரத்தில் கடையில் ஆள் இல்லாதபோது அவள் ரேங்க் கணக்கில் சேராத ஆட்டங்களை ஆடுவதுண்டு. அதில்தான் கொஞ்ச நாளாக ரோடுராசா என்றொரு ஆள் வந்து ஒட்டிக்கொள்வது. பேச மாட்டான். மைக் போட மாட்டான். அவள் விழுந்தால் எங்கிருந்தோ வந்து தூக்கிவிடுவான், மருந்துப் பெட்டியை அவள் காலடியில் போட்டுவிட்டு அக்கட்டால நகர்ந்துவிடுவான். அவனும் ஒன்றும் சூரனில்லை. அவளைத் தூக்கப் போய் அவனே செத்த ஆட்டங்கள் நிறைய. இனியாதான் வேறு பேரில் வந்து விளையாட்டுக் காட்டுகிறாள் என்பது உஷாராணியின் முடிவு.

இன்றைக்குத் தூக்கிவிட ரோடுராசாவும் வரமாட்டான். நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் அவள் போனைக் கைப்பையின் அடியில் தள்ளி, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடினாள்.

---

சௌந்திரத்தின் வீடு மோகனூர் ரோட்டில் கோழிப்பண்ணைக்கு முன்னால் இருந்தது. பண்ணை சிறியது, வீடு அடக்கமானது. ஆனால் வாசலில் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தாலே வந்தவர்களை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. சௌந்திரம் உயரமான அம்மாள். பேசும்போதே நாற்காலி இழுத்துப் போடுவார், நாற்காலி இழுக்கும்போதே தண்ணீருக்குக் குரல் கொடுப்பார்.

"வாங்க வாங்க. வெயிலுங்களா? மோரு குடிங்க. மோருக்கு ஒண்ணுமில்லீங்க, கை நனைக்கறதுல சேராது."

இந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு அது ஒரு வரம்பு. வீடு பார்க்க வந்த இடத்தில் பெண் வீட்டார் இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. மனதில் ஏதாவது நெருடினால் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். நனைத்த பிறகு எழுந்தால்தான் வம்பு.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கிணறு, பண்ணை, மாடியில் புதிதாகக் கட்டிய அறை. சௌந்திரத்தின் வீட்டுக்காரர் பொன்னன் முன்னால் நடந்து காட்டினார். கூடத்துச் சுவரில் ஒல்லியான பையன் ஒருவன் கோப்பையோடு நிற்கிற போட்டோ தொங்கியது. "நாந்தானுங்க. அம்பத்தஞ்சு கிலோ கபடி" என்றார். அந்தப் பையனைப் போல இப்போது இரண்டு பேர் அவருக்குள் தாராளமாக இருந்தார்கள்.

எல்லோரும் கூடத்துக்குத் திரும்பியபோது நடுவில் இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று ஒட்டிப் போடப்பட்டிருந்தன. ஒன்றில் சௌந்திரம் போனோடு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சம்பந்தி."

"சமையலுக்கு ஏதாச்சும் ஒத்தாசை பண்ணட்டுங்களா?"

"எல்லாம் ஆச்சுங்க."

"இங்க நெட்டு எப்படீங்க? எங்கூட்டுல சரியாவே வர்றதில்ல."

"பண்ணைக்கு கேமரா வெச்சிருக்கறமுங்க. நெட்டு கோழிக்கே சுத்தமா வரும்."

உஷாராணி உட்கார்ந்தாள்.

முதலில் ஒருவரையொருவர் நண்பராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சௌந்திரம் வேண்டுகோள் அனுப்பினார், உஷாராணி ஏற்றுக்கொண்டாள். இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் கப்பல் சங்கு ஊதியது. தீவில் புது நட்புக்கு அதுதான் மரியாதை. அத்தாயி திடுக்கிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரேங்க் ஆட்டம்தானுங்களே? கணக்குல சேராத ஆட்டம் நமக்கெதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே சௌந்திரம் அழைப்பைத் தட்டினார்.

போன் உறுமியது. சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

"என்ன எழுதியிருக்குது?" என்று எட்டிப் பார்த்த அத்தாயி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கூடத்துக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். "தர வித்தியாசம் அதிகம். ஒரே அணியில் சேர முடியாது."

மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊடு பாக்க வந்த எடத்துல இப்படியொரு வார்த்தை வருதே" என்றார் அத்தாயி. "பால்காரன் வந்தும் இப்படி வருதே."

"அது போனுல வர்றதுங்க நங்கை, சும்மா" என்றாள் உஷாராணி நாத்தனாரிடம்.

சௌந்திரம் சிரித்தார். வந்தவர்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு. "எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க. நான் சில்வருங்க. ரெண்டு வருசமா சில்வர்தான். ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன். டைமண்டு கூட எங்க சேர விடுவான்." போனைப் புடவை மடியில் கவிழ்த்து வைத்தார். "நாங்க எல்லாத்துலயும் அப்படித்தானுங்க. பண்ணையும் நடுவாந்தரம், ஊடும் நடுவாந்தரம். உங்களுக்கு ரிக்கு, கடை. எங்க மாமியா அப்பவே சொல்வாங்க, பெரிய எடத்துல கை வெக்காதன்னு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கடையில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று முகம் பார்த்தே பழகியவள் உஷாராணி. விலையைக் கேட்டுவிட்டு, நமக்கு இது வேண்டாம் என்று துணியைத் தானே மடித்து வைக்கிற ஆட்களின் முகம் அவளுக்குத் தெரியும். அந்த முகம் ஒருதரம் வெளியே போனால் திரும்பக் கடைக்குள் வராது.

கணக்கில் சேராத ஆட்டம் ஆடலாமே என்று சொல்ல வாயெடுத்தாள். அது, நீங்க பின்வாசல் வழியா வாங்க என்று சொல்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள். மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார வாங்கிய கல், மகளின் மாமியாரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இலை போடுகிற சத்தம் வேறு கேட்டது.

"சம்பந்தி" என்றாள். "என்ற கடையில ஒரு பழக்கமுங்க. துணியில நூலு அறுந்திருந்தாலோ கறை இருந்தாலோ, கத்திரி வெக்கறதுக்கு முந்தியே விரிச்சுக் காட்டீருவேன். வெட்டுனதுக்கப்பறம் சொன்னா அது வியாபாரமில்லீங்க. எலையில உக்கார்றதுக்கு முந்தி உங்களுக்கு ஒண்ணு விரிச்சுக் காட்டணும்."

நாச்சிமுத்து கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த டைமண்டு என்றது இல்லீங்க. என்ற அண்ணன் புள்ள ஆடிக் குடுத்தது. கனிஷ்கா கூட எட்டு மணிக்கு ஆடோணும்னா அந்த ரேங்க் இருந்தாத்தான் உள்ள விடுவான். எனக்கு ஏறலீங்க. அதான் ஆளை வெச்சு ஏத்திட்டேன். எங்கூட்டுல நெட்டு நல்லாத்தான் வருது. நான்தான் சாவறேன்."

சௌந்திரம் அவளையே பார்த்தார்.

"அப்ப நெசமா நீங்க என்னங்க?"

"சில்வருங்க."

"சில்வர்ல?"

"அடியிலீங்க."

"அடியிலயா?" சௌந்திரத்தின் முகம், கடை ஷட்டர் தூக்கின மாதிரி, கீழிருந்து மேலாகத் திறந்தது. "நான் நடுவுலீங்க."

அந்த 'நடுவுல'வை அவர் சொன்ன சொகுசுக்கு ஒரு டைமண்ட் காணாது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை வந்தவர்களுக்காக இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், பொன்னன் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"நீங்க டைமண்டுன்னு பையன் சொன்னதுல இருந்து எனக்கு வெசனம் தெரியுங்களா? பண்ணையில முட்டை பொறுக்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பழகிப் பாத்தேன். மானம் போயிறக் கூடாதுன்னு."

"அப்பறம் ஏனுங்க ஆடலாம்னு சொல்லி உட்டீங்க?"

"எங்கூட ஆட ஆளில்லீங்க சம்பந்தி. சித்தார்த்து, 'அம்மா நீ மெதுவு'ன்னு அக்கட்டாலத் தள்ளீட்டான். பெரிய ஆளு ஒருத்தர் என்னையச் சேத்துக்கிட்டா, அவனும் சேத்துக்குவானேன்னு ஒரு நெனப்பு."

அத்தாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே தரந்தான்னு சொல்லுங்க. பால்காரன் வந்தது வீண் போகல."

---

கனிஷ்காவிடமும் சொல்லியாக வேண்டும். வீடியோ அழைப்பில் மகளின் முகம் வந்ததும் உஷாராணி சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அப்ப எட்டு மணிக்கு?" என்றாள் கனிஷ்கா.

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளாகப் பயந்தாள்.

"நீ மேல ஆடு கண்ணு. நான் கீழ ஆடிக்கறேன். முடிச்சுட்டு ஒரு போன் பண்ணு."

"போன்ல நம்ம என்னம்மா பேசப்போறோம்?" மகளுக்கும் அது தெரிந்திருந்தது. "நான் புதுசா ஒரு அக்கவுண்ட் போட்டுட்டுக் கீழ வந்தர்றேன். உன் கூடவே இருப்பேன். ஒருத்தனும் உன்னையத் தொட முடியாது."

பொன்னன் குறுக்கே வந்தார். "எடையக் கொறைச்சுக் காட்டிட்டு அம்பத்தஞ்சு கிலோவுல எறங்கற மாதிரியாச்சே பாப்பா. எங்க காலத்துல அப்படி எறங்குனா கோட்டுக்கு வெளிய வெச்சு மொத்துவாங்க."

"நான் அம்மாவுக்காகத்தானே மாமா வர்றேன்."

"வேண்டாம் கண்ணு" என்றாள் உஷாராணி. "நான் சில்வர்ல இருந்தப்ப என்னையப் பாத்ததும் சுட்டவன்ல பாதிப் பேரு அப்படிக் கீழ எறங்கி வந்தவனாத்தான் இருக்கும். இல்லாட்டி நம்ம சில்வருக்குள்ள அத்தனை கைதேர்ந்த ஆளு எங்கிருந்து வந்துது? எனக்காக நீ வந்து அடுத்த ஊட்டு அம்மாவை அடிக்காத. அவளும் மக கூடப் பேசத்தான் வந்திருப்பா."

கனிஷ்காவின் முகத்தில், கணக்கு விடை கிடைத்த குழந்தையின் களை வந்தது.

"தனி ரூம் போட்டுக்கலாம். வெளியாளே வேண்டாம், ரேங்கும் கெடையாது. நீ, அத்தை, இனியா, நாங்க ரெண்டு பேரு. நானும் சித்தார்த்தும் துப்பாக்கி எடுக்க மாட்டோம். கையில படகுத் துடுப்பு மட்டும்."

"துடுப்புலயும் நீ அடிப்ப."

"இடது கையில."

"அப்படிச் சொல்லு" என்றார் சௌந்திரம். "எட்டு மணிக்கு வா பாப்பா. என்ற மகனையும் துடுப்போட கூட்டிட்டு வா. மெதுவுன்னானே, அவனை நான் முதல்ல பாக்கோணும்."

இலைக்கு இன்னும் நேரமிருந்தது. இரவல் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கைக்குத் தக்க புதுக் கணக்கு ஒன்றை உஷாராணி அங்கேயே தொடங்கினாள்.

"பேரு என்னங்க போடட்டும்?"

"கடைப் பேரையே போடுங்க சம்பந்தி, வெளம்பரமாச்சு."

"கட்பீஸ்" என்று உரக்கச் சொல்லித் தட்டினாள்.

நாச்சிமுத்து எழுந்தார். "ரிக் மேனேஜரு கூப்படறான். வெளிய போய்ப் பேசிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பெண் வீட்டு மானத்தை மனைவி மோர் மாதிரிக் கலக்கி ஊற்றியதில் மனிதருக்குச் சங்கடமோ என்று உஷாராணிக்கு ஒரு நிமிடம் பட்டது. அதற்குள் விமானம் தீவுக்கு மேல் வந்துவிட்டது.

இரண்டு சம்பந்திகளும் குதித்தார்கள். சௌந்திரம் விழுந்த இடத்திலேயே ஒருவனைச் சுட்டார்.

"பொம்மையாட்ட நின்னானுங்க" என்றார் சந்தேகமாக.

"பொம்மையேதானுங்க. புது ஆளுக்குக் கலர் வாங்கிக் குடுக்கறான். குடிச்சுக்குங்க."

"சரி. நெசமான ஆளு ஒருத்தனையாச்சும் சுட்டுட்டாப் போதும், சோறு எறங்கும்."

உஷாராணிக்கு ஆட்டத்திலும் மரியாதை விடாது. "சம்பந்தி, உங்களுக்கு வலது பக்கமா ஒருத்தரு வாராருங்க. தொப்பி போட்டிருக்கறாருங்க. படியில ஏறிக்கிட்டு இருக்கறாருங்க."

"வரட்டுங்க" என்றார் சௌந்திரம், வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்கிற குரலில்.

வந்தவர் நிஜ ஆள். முதல் குண்டு சௌந்திரத்தின் தோளில் பட்டது. சௌந்திரம் திருப்பிச் சுட்டது சுவரில் பட்டது. உஷாராணி சுட்டது விளக்கில் பட்டது. மூவருமே நடுத்தரம் என்பது அடுத்த நிமிடத்தில் தெளிவாகிவிட்டது. ஓடினார்கள், ஒளிந்தார்கள், குண்டு தீர்ந்து விழித்தார்கள். நெடுநாள் கழித்து உஷாராணிக்கு ஒரு சண்டை, சண்டையாக நடந்தது. கடைசியில் சுட்டது தானா சம்பந்தியா என்று இருவருக்கும் தெரியவில்லை. விழுந்தது தொப்பிக்காரன்.

"விழுந்துட்டாருங்க" என்றாள் உஷாராணி.

அந்தச் சந்தோஷத்தில் எழுந்து நின்றாள். வேறெவனோ இருவரையும் சுட்டுவிட்டான். யாரும் வருத்தப்படவில்லை. "எந்திரிங்க, எலை ஆறுது" என்றார் பொன்னன்.

போனை மூடப் போனவள் நின்றாள். திரையின் மேல்மூலையில் ஒரு சிறிய கட்டம்.

ரோடுராசா உங்கள் நண்பராக விரும்புகிறார்.

கட்பீஸ் என்ற பேர் பிறந்ததே இப்போதுதான், இந்தக் கூடத்தில். வெளியே ஒருவருக்கும் தெரியாது. இனியா பரீட்சை ஹாலில், போன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். கனிஷ்காவோ அப்போதே மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

உஷாராணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். புங்க மரத்தடியில், காரில் சாய்ந்துகொண்டு, நாச்சிமுத்து மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தார். போன் காதில் இல்லை. இரண்டு கையிலும் குறுக்குவாட்டில் இருந்தது.

மோர் டம்ளரைக் கீழே வைத்தது, செருப்பை மாட்டியது, காரில் ஏறியவுடன் சார்ஜர் தேடியது, எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. அவளைத் தூக்கப் போய்ச் செத்த ஆட்டங்களும் வந்தன. கையில் வந்த சரக்கை உடனே எடுத்து வெளியே வைக்கிற பழக்கம் அவள் பிறந்த ஜலகண்டாபுரத்து வியாபாரி வீட்டில் கிடையாது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.

நாச்சிமுத்து வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது.

"என்னங்க சொன்னாரு மேனேஜரு?"

"சத்தீஸ்கர்ல தண்ணி வந்துருச்சாம்."

"நல்லதுங்க."

அத்தாயி முதலில் இலையில் நீர் தெளித்தார். பெண் வீட்டார் ஒவ்வொருவராகக் கை நனைத்தார்கள். சௌந்திரம் அதைப் பார்த்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, குழம்பு வாளியைத் தூக்கினார். சம்பந்தம் முடிந்தது. நாச்சிமுத்து சாதத்தில் குழி செய்து, குழம்பு வாங்கி, நெய் வாங்கி, நன்றாகப் பிசைந்தார். வலது கை மணிக்கட்டு வரை குழம்பு.

உஷாராணி அதுவரை காத்திருந்தாள். பிறகு வலது கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இலைக்குக் கீழே இடது கட்டைவிரலால் ஏற்றுக்கொண்டாள்.

நாச்சிமுத்துவின் சட்டைப் பையில் கப்பல் சங்கு ஊதியது.

அந்தச் சத்தம் என்னவென்று பந்தியில் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம். தெரிந்த ஒருவர் குழம்பு வாளியோடு அவருக்கு எதிரில்தான் நின்றிருந்தார். ஊதிய சங்கை நிறுத்த நாச்சிமுத்துவின் கை வரவில்லை, கை முழுக்கச் சோறு. அது பாட்டுக்கு நீளமாக ஊதி முடித்தது.

"சம்பந்தி" என்றார் சௌந்திரம், வாளியை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டு. "நீங்க என்ன ரேங்குங்க?"

நாச்சிமுத்து இலையைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.